தாய்மரம் இல்லாத ஆலமரம்

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹூக்ளி ஆற்றை ஒட்டி இருக்கிறது சிப்பூர். ஹவுரா ரயில் நிலையத்தில் இறங்கி, நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களைத் தாண்டிப் போனால் தாவரவியல் தோட்டத்தின் வாசல் வரும். 1787-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த கர்னல் ராபர்ட் கிட் தொடங்கிய தோட்டம் இது. இப்போது ஆச்சார்யா ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில் இயங்குகிறது. செடி கொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று சோதனை செய்து காட்ட முயன்ற அந்த விஞ்ஞானியின் பெயர் இந்த இடத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

உள்ளே நெடுந்தூரம் நடந்தால், தொலைவில் ஒரு சிறு காடு தெரியும். கிட்டப் போனால்தான் அது காடு அல்ல, ஒரே ஆலமரம் என்பது புரியும். 250 ஆண்டுகளுக்கு மேல் வயதானது என்கிறார்கள். மூன்றரை ஏக்கருக்கும் மேல் படர்ந்து நிற்கிறது. மண்ணைத் தொட்டு நிற்கும் விழுதுகள் 3,000-க்கும் அதிகம். மரத்தைச் சுற்றிப் பார்க்க 330 மீட்டர் நீளத்துக்கு வட்டமாக ஒரு பாதை போட்டார்கள். மரம் அந்தப் பாதையையும் தாண்டிப் போய்விட்டது.

முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான். இத்தனை விழுதுகளுக்கும் தாய்மரம் எங்கே? நடுவில் எங்கோ பெரிய அடிமரம் இருக்கும் என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அந்த அடிமரத்தை வெட்டி எடுத்து நூறு ஆண்டுகள் ஆகின்றன.

அறுபது ஆண்டு நோய்

1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி கொல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கியது. ஆற்றில் கடல்நீர் ஏறி, பல்லாயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். தோட்டத்தின் மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. ஆலமரம் சாயவில்லை. ஆனால், பெரிய கிளைகள் முறிந்தன. மூன்றே ஆண்டுகளில், 1867-இல், இன்னொரு புயல் வந்து மேலும் முறித்துப் போட்டது.

புயல் ஓய்ந்ததும் மரம் மறுபடி தழைத்தது. பார்த்தவர்களுக்கு அது பிழைத்துவிட்டதாகவே தோன்றியிருக்கும். ஆனால், கிளை முறிந்த இடங்களில் பட்டை கிழிந்து கட்டை வெளியே தெரிந்தது. அந்தக் காயங்களின் வழியே பூஞ்சணம் உள்ளே போனது. ஆண்டுக்கு ஆண்டு அடிமரம் உள்ளுக்குள் மக்கியது. கடைசியில் 1925-ஆம் ஆண்டு, சுமார் 50 அடி சுற்றளவு இருந்த அந்த அடிமரத்தை முழுவதுமாக அகற்றினார்கள். மிச்ச மரத்துக்கு அழுகல் பரவிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது.

புயல் அடித்தது ஒரு நாள். அதன் பலன் முழுதாக வெளிப்பட அறுபது ஆண்டுகள் ஆயின. வயலில் நெற்பயிருக்குக் குலைநோய் வந்தால் சில நாட்களில் தெரிந்துவிடும். மரத்துக்கு வரும் நோய் அப்படி அல்ல. அப்பா காலத்தில் பட்ட வெட்டுக்காயம், மகன் காலத்தில் மரத்தைச் சாய்க்கும். இடையில் அது பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும்.

பச்சையாக இருந்தும் பொந்தானது எப்படி?

மரத்தில் உயிரோட்டம் இருப்பது பட்டையிலும், பட்டைக்கு அடுத்துள்ள வெளிறிய கட்டையிலும்தான். வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது அந்த வெளிறிய பகுதி வழியாக. இலை தயாரித்த உணவு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக. நடுவில் இருக்கும் கட்டைக்கு நீர் கடத்தும் வேலை கிடையாது. மரத்தைத் தூண் போலத் தாங்கி நிற்பது மட்டுமே அதன் வேலை.

பூஞ்சணம் பெரும்பாலும் இந்த நடுக்கட்டையைத்தான் தின்கிறது. அதனால் தண்ணீர் ஏறுவது தடைபடாது. இலை வாடாது. பூ பூக்கும், காய் காய்க்கும். தூண் மட்டும் உள்ளே பஞ்சாகிக்கொண்டே போகும். ஒருநாள் காற்றுக்கு மரம் அப்படியே முறிந்து விழும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே நின்னுச்சு’ என்று ஊரே கூடிப் பேசும்.

மனிதருக்குப் புண் வந்தால் அந்த இடத்தில் புதுச் சதை வளர்ந்து ஆறும். மரத்துக்கு அப்படி ஆறுவது கிடையாது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் சைகோ என்ற ஆராய்ச்சியாளர், ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். காயம் பட்டதும் மரம் அதைச் சுற்றி உள்ளே தடுப்புச் சுவர் எழுப்புகிறது. கெட்ட பகுதியைக் கெட்டபடியே உள்ளே வைத்து அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டை போட்டு வளர்கிறது. சுவர் வலுவாக இருந்தால் பூஞ்சணம் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். மறுபடி மறுபடி வெட்டுப்பட்டால், ஆணி அடிக்கப்பட்டால், அடியில் தீ வைக்கப்பட்டால், அந்தச் சுவர் உடையும். அழுகல் அடுத்த பகுதிக்குப் போகும்.

சிப்பூர் ஆலமரம் பிழைத்ததற்குக் காரணம் அதன் விழுதுகள். விழுது மண்ணைத் தொட்டு வேர்விட்டதும் தனி அடிமரம் ஆகிவிடுகிறது. தண்ணீரைத் தானே எடுக்கும், கிளையைத் தானே தாங்கும். அதனால் நடுமரத்தை எடுத்தும் சுற்றுமரம் நின்றது. 2020 மே மாதம் வந்த ஆம்பன் புயலில் தோட்டத்தில் ஏராளமான மரங்கள் விழுந்தன. ஆலமரத்துக்கும் சேதம்தான். ஆனாலும், நிற்கிறது.

சென்னை அடையாறு ஆலமரமும் அப்படித்தான். பிரம்மஞான சபை வளாகத்தில் உள்ள அந்த மரத்தின் அடிமரம் 1989-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது. இன்று அங்கே நிழல் தருவது விழுதுகள்தான்.

வேம்புக்கும் புளிக்கும் புங்கனுக்கும் தூங்குமூஞ்சிக்கும் விழுது கிடையாது. அவற்றுக்கு இருப்பது ஒரே ஓர் அடிமரம். அது போனால் எல்லாம் போச்சு.

சலைன் ஏறிய மரம்

தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே இன்னொரு பேராலமரம் இருக்கிறது. பெயர் பிள்ளலமர்ரி. தெலுங்கில் பிள்ளைகளின் ஆலமரம் என்று பொருள். 700 ஆண்டு வயது என்று அந்த வட்டார மக்கள் சொல்லும் இந்த மரம் சுமார் மூன்று ஏக்கரில் படர்ந்திருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம்.

2017 டிசம்பரில் அதன் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. பார்த்தால், கரையான் உள்ளே புகுந்து கட்டையை அரித்திருந்தது. உடனே சுற்றுலாப் பயணிகள் வருவதை நிறுத்தினார்கள். மரத்தில் துளை போட்டு மருந்தை ஊற்றிப் பார்த்தார்கள். ஊற்றியது வெளியே வழிந்துவிட்டது. பிறகுதான் மருத்துவமனை முறைக்கு வந்தார்கள். தண்ணீர் கலந்த குளோர்பைரிபாஸ் மருந்தைச் சலைன் பாட்டில்களில் நிரப்பி, கிளைகளில் தொங்கவிட்டு, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக மரத்துக்குள் இறக்கினார்கள். 2018-இல் அந்தப் படங்கள் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தன.

படத்தில் தெரிந்தது சலைன் பாட்டில் மட்டும்தான். மரத்தைக் காப்பாற்றியதில் படத்தில் வராத வேலைகளுக்கும் பங்கு உண்டு. கனத்துத் தொங்கிய கிளைகளுக்குக் கீழே சிமெண்ட் தூண்களால் முட்டுக் கொடுத்தார்கள். இளம் விழுதுகளைக் குழாய்க்குள் விட்டு, மண்ணும் உரமும் போட்டுத் தரைக்கு இறக்கினார்கள். மனிதர்கள் ஏறி ஊஞ்சலாடுவதும் மிதிப்பதும் நின்றது.

இதைப் பார்த்துவிட்டு வீட்டு வேம்பிலும் முருங்கையிலும் யாரும் பாட்டிலைத் தொங்கவிடக் கூடாது. அந்த மருந்து விஷம். ஆடு மாடு தழையைத் தின்னும், வீட்டில் இலையையும் காயையும் பறிப்பார்கள். அது தவிர, கரையான் பொதுவாக முதலில் தின்பது செத்த கட்டையையும் காய்ந்த பட்டையையும்தான். அடிமரத்தில் மண்பூச்சு ஏறியிருந்தால், அதைச் சுரண்டிவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். பட்டை மட்டும் அரிக்கப்பட்டு, கீழே ஈரப்பசையோடு பச்சையாக இருந்தால் பயமில்லை. உள்ளே கட்டை உளுத்திருந்தால், கரையானுக்கு முன்பே வேறு ஏதோ அந்தக் கட்டையைக் கொன்றிருக்கிறது என்று பொருள்.

ஊர் மரத்தைச் சுற்றி ஒரு நடை

சிப்பூரையும் மகபூப்நகரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு, பள்ளிக்கூட வாசல் வேம்பும் ஏரிக்கரைப் புளியமரமும் வேறு மாதிரி தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை, பருவமழைக்கு முன்பும் பின்பும், அந்த மரங்களைச் சுற்றி வந்தால் போதும். பார்க்க வேண்டியவை இவை:

அடியிலிருந்து தொடங்க வேண்டும். தரையை ஒட்டி, தட்டுத் தட்டாகக் கெட்டியான காளான் ஒட்டியிருக்கிறதா? அது நேற்று வந்த நோய் அல்ல. பூஞ்சணம் உள்ளே பல காலம் குடியிருந்த பிறகு வெளியே விடும் காய் அது. காளானைத் தட்டிவிடுவதால் நோய் போகாது. மாட்டுக் குளம்பு அளவு இருந்தாலும் அது பெரிய எச்சரிக்கை.

அடுத்து ஓசை. ஒரு மரக்கட்டையால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பார்க்கலாம். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று கேட்கும். பொந்தான இடத்தில் காலிப் பானையைத் தட்டுவது போல எதிரொலிக்கும்.

மரத்தைச் சுற்றியுள்ள மண் ஒரு பக்கம் மேலெழும்பி, வெடிப்பு விட்டிருந்தால் வேர் பிடி தளர்கிறது. புதிதாகச் சாய்வு தெரிந்தாலும் அதே பொருள்தான். இது தெரிந்த பிறகு காத்திருக்கக் கூடாது.

பிறகு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். உச்சிக் கிளைகள் மட்டும் இலையின்றி மொட்டையாக நின்றால், வேரில் கோளாறு இருக்கலாம். அருகில் சமீபத்தில் குழாய் பதிக்கவோ சாலை போடவோ வேரை வெட்டினார்களா என்று விசாரிக்க வேண்டும். மரத்தின் இலைக்கும் வேறு ஒரு கொத்தின் இலைக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது புல்லுருவி. பறவை எச்சத்தால் பரவுவது. பூத்துக் காய்ப்பதற்கு முன், ஒட்டிய இடத்துக்கும் கீழே சற்றுத் தள்ளிக் கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும். புல்லுருவியை மட்டும் ஒடித்துவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

கருகும் வேம்பை வெட்டலாமா?

மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் வேப்பமரத்தின் கிளை நுனிகள் தீயில் வாட்டியதைப் போலக் காய்ந்து நிற்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். 2021-இல் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் இது பரவலாகத் தெரிந்தது. ‘மரம் செத்துப்போச்சு’ என்று விறகுக்கு விற்றவர்களும் உண்டு.

இது நுனிக்கருகல் நோய். போமாப்சிஸ் என்ற பூஞ்சணம் காரணம். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய இளந்தளிர்களும் இதே போலக் காயும். இரண்டும் சேர்ந்தும் வரும். பழப்பிடிப்பு குறையும், அந்த ஆண்டு வேப்பங்கொட்டை கிடைப்பது சந்தேகம். ஆனால், நன்கு வளர்ந்த மரம் பெரும்பாலும் கோடையில் மறுபடி துளிர்த்துவிடுகிறது. ஆகவே, நுனி காய்ந்ததற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கைக்கு எட்டும் காய்ந்த குச்சிகளை ஒடித்து, தள்ளி வைத்து எரித்துவிடலாம். இந்தப் பூஞ்சணம் விதை வழியாகவும் பரவும். எனவே, கருகிய மரத்திலிருந்து நாற்றுக்கு விதை எடுக்கக் கூடாது. நாற்றங்காலிலும் இளங்கன்றுகளிலும் கண்டால், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் காய்ந்த குச்சியைக் காட்டி மருந்து கேட்பது நல்லது.

உச்சி காய்ந்த வேம்பு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நிற்கும். அடியில் காளான் விட்ட புங்கன் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விழும். ஊரில் பெரும்பாலும் முதலாவதை வெட்டுகிறார்கள், இரண்டாவதன் கீழே வண்டியை நிறுத்துகிறார்கள்.

வெட்டினால் எப்படி வெட்டுவது?

காய்ந்த கிளையை, முறிந்த கிளையை எடுக்கத்தான் வேண்டும். மழை இல்லாத நாளில் எடுக்க வேண்டும். அரிவாளால் கொத்தினால் கட்டை பிளக்கும், ரம்பம் நல்லது. கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், அது விழும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதனால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு முதல் அறுப்பு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது அறுப்பு, இதில் கிளை விழுந்துவிடும். மிச்சக் குச்சத்தை மூன்றாவதாக எடுக்க வேண்டும். கிளை தொடங்கும் இடத்தில் மோதிரம் போட்டது போலத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பை மரத்திலேயே விட்டு, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அங்கிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும். வழுவழுவென்று அடிமரத்தோடு ஒட்ட அறுப்பதும் தவறு, முழம் நீளத்துக்குக் குச்சம் விடுவதும் தவறு.

வெட்டுவாயில் போர்டோ பசை பூசலாம். 1 கிலோ மயில்துத்தத்தைத் தனியாகவும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தனியாகவும் தலா 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்ததில் ஒரு இரும்புக் கத்தியை நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பசை புதிதாக வந்து விழும் பூஞ்சண வித்துகளுக்குத் தடை. ஏற்கெனவே உள்ளே போன அழுகலுக்கு அது மருந்து ஆகாது.

புயலுக்குப் பின் பத்து ஆண்டு

சிப்பூரின் பாடம் காவிரி டெல்டாவுக்குப் புதிதல்ல. தென்னையில் வரும் அடித்தண்டழுகல் நோய், 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால்தான் ‘தஞ்சாவூர் வாடல்’ என்று பெயர் பெற்றது. காரணம், மண்ணில் வாழும் கேனோடெர்மா பூஞ்சணம். அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும், பிறகு அதே தட்டுக் காளான் வரும். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவதும், பட்ட மரத்தைத் தூரோடு தோண்டி எடுப்பதும், நோயுள்ள மரத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடாமல் தனிப்பாத்தி போடுவதும் இன்றும் சொல்லப்படும் வழிகள்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் விழுந்த மரங்களை எல்லோரும் எண்ணினார்கள். விழாமல் நின்ற மரங்களை யாரும் எண்ணவில்லை. கிளை முறிந்து, வேர் அசைந்து, பட்டை உரிந்து நின்ற வேம்பும் புளியும் மாவும் இன்று தழைத்திருக்கின்றன. அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை, காளானும் ஓசையும் மண் வெடிப்பும்தான் சொல்லும். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் பேருந்து நிற்கும் இடத்திலும் உள்ள மரங்களை முதலில் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஊராட்சிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். புறம்போக்கிலும் சாலையோரத்திலும் உள்ள மரத்தை அனுமதி இல்லாமல் யாரும் வெட்டக் கூடாது.

நல்ல மரத்துக்குச் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. விளம்பரத் தகட்டை ஆணி அடித்து மாட்டாமல் இருப்பது. குப்பையையும் சோளத்தட்டையையும் மரத்தடியில் கொளுத்தாமல் இருப்பது. மாடு கட்டிய கம்பி பட்டைக்குள் புதையும் முன் அவிழ்ப்பது. அடிமரம் புதையும்படி மேடை கட்டி மண் கொட்டாமல் இருப்பது. சிமெண்ட் தளம் போடும்போது மரத்தைச் சுற்றி நான்கு முழமாவது மண்ணாக விடுவது.

‘ஆல் போல் தழைத்து’ என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள். சிப்பூரில் தழைத்து நிற்கும் ஆலுக்கு நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக் காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பும்போது, கடைசிக் கூட்டம் அந்த வெற்றிடத்தைக் கடந்துதான் வாசலுக்குத் திரும்புகிறது. அங்கே எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரிந்து வெட்டினார்கள். அதனால் மரம் இருக்கிறது.